செக்கிங் அண்ணையின் கண்ணாடி உறை

ரொறன்ரோ மாநகரத்தில் யாரும் கேட்காமலே தன் பையைத் திறந்து காட்டிய மனிதர் ஒரேயொருவர்தான். அவர் எங்கள் செக்கிங் அண்ணை. பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு இருந்தது. பிறம்ரனில் நாங்கள் இருவரும் வேலை செய்த பண்டசாலையின் ஷிஃப்ட் அட்டவணையில் அது எழுதியும் இருந்தது. ஆனால் பதின்மூன்று வருடம் அவரோடு ஒரே காரில் போய்வந்த எனக்கே அந்தப் பெயரைச் சொல்ல ஒரு நிமிடம் யோசிக்கவேண்டும்.

சீருடை போட்ட யாரைக் கண்டாலும் அண்ணை மூன்று காரியம் செய்வார். முதலில் பையின் ஸிப்பை இழுத்துத் திறப்பார். பிறகு பி.ஆர். காட்டை, அதாவது இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கலாம் என்று அரசாங்கம் தந்த அட்டையை, சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பிடிப்பார். கடைசியாக இரண்டு கைகளையும் தோள் மட்டத்துக்கு உயர்த்திக்கொண்டு பேசாமல் நிற்பார். எதிரே நிற்பவர் பொலிஸ்காரரா, பீட்சா கொண்டுவந்தவரா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டல்ல.

ஊரில் யுத்தம் நடந்து, ஆமியின் சோதனைச் சாவடி தாண்டாமல் ஒரு றாத்தல் பாண் வாங்கக்கூடப் போகமுடியாத காலத்தில் வளர்ந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். எங்களுக்கும் இந்தப் பழக்கம் இருந்தது. கனடாவுக்கு வந்து ஒன்றிரண்டு குளிர்காலம் போனதும் எங்களை விட்டுப் போய்விட்டது. அண்ணையை விட்டு மட்டும் போகவில்லை.

"கேக்க முந்திக் காட்டிப்போட்டால் கேள்வி இல்லைத் தம்பி" என்பார். அதற்குமேல் விளக்கம் கிடையாது.

மோர்னிங்சைட்டில் அவர் குடியிருந்த கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு நூலகம். வியாழக்கிழமை எங்களுக்கு ஓய்வு நாள் என்பதால் பத்திரிகை வாசிக்கப் போவார். முதல் நாள் வாசலில் நின்ற ஆறடிக் காவலாளியைக் கண்டதும் பையைத் திறந்து, சாப்பாட்டுப் பெட்டியின் மூடியையும் திறந்து நீட்டினார். உள்ளே புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். அந்த மனிதர் தனக்குத்தான் தருகிறார் என்று நினைத்து, நன்றி சொல்லி, ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுவிட்டார். அடுத்த வியாழன் வீட்டிலிருந்து கரண்டி கொண்டுவந்தார்.

அண்ணைக்கு அதில் பெரிய திருப்தி. "அங்கை கம்பியாலை குத்திப் பாப்பாங்கள். இவன் சாப்பிட்டே பாக்கிறான். உதுதான் தம்பி வடிவான செக்கிங்" என்றார்.

ஸ்காபரோவில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மண்டப வாசலில் கோட்டுப் போட்டு நின்றவர் வரவேற்பதற்காக நின்றவர். அண்ணை அவருக்குக் கல்யாணக் கார்ட்டைக் காட்டினார், பி.ஆர். காட்டைக் காட்டினார், பிறகு அந்த இடத்திலேயே குந்தியிருந்து பரிசுப் பொதியின் தாளைக் கிழித்து உள்ளே இருந்த பிரஷர் குக்கரையும் காட்டினார். குக்கரின் மூடியைத் திறந்து உள்ளே ஒன்றும் இல்லை என்றும் நிரூபித்தார். பின்னால் வரிசையில் நாற்பது பேர் நின்றோம்.

வெளியே போகும்போது பற்றுச்சீட்டைப் பார்த்து அனுப்புகிற பெரிய மொத்தக் கடை ஒன்று இருக்கிறது அல்லவா, அதுதான் கனடாவில் அவருக்கு மிகவும் பிடித்த இடம். "முறையான கடை" என்று மெச்சுவார். வாசலில் நிற்கிற பிள்ளை சீட்டில் ஒரு கோடு கீறிவிட்டுப் போகச் சொல்லும். அண்ணை போகமாட்டார். வண்டிலில் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கிவிடுவார்.

காரில் அவரோடு போவதுதான் பெரிய பாடு. விடியற்காலை 401 நெடுஞ்சாலையில் பொலிஸ் கார் ஒன்றைக் கண்டால் போதும், அண்ணையின் கை மேலே போய் உள்விளக்கைப் போடும், அடுத்த கை கண்ணாடியை இறக்கும். ஆட்கள் தெரியவேண்டுமாம். ஜனவரி மாதம், வெளியே சைபருக்குக் கீழே இருபது பாகை. நான் காது விறைத்துப்போய்க் கத்துவேன்.

"அண்ணை, அவன் எங்களைப் பாக்கவே இல்லை!"

"பாத்தால்?"

எங்கள் வீட்டுக்கு வந்து போகும்போதும் இதே சங்கதிதான். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று என் மனைவி கலாவுக்குப் பையைத் திறந்து காட்டுவார். எங்கள் வீட்டுச் சாமான் ஒன்றும் தன்னோடு வரவில்லை என்பதற்கு அத்தாட்சி. "ஐயோ அண்ணை, வேண்டாம்" என்று கலா சொல்லிக்கொண்டே நிற்பாள். அவர் அடித்தட்டு வரைக்கும் காட்டிவிட்டுத்தான் போவார்.

இப்படிப்பட்டவர் காட்டுக்குப் போக வெளிக்கிட்டதுதான் கதை.

வந்து இருபத்தொரு வருடமாகியும் அண்ணை கனடாப் பிரஜை ஆகவில்லை. படிவத்தில் ஒரு சின்னப் பிழை வந்தாலும் கேள்வி வரும் என்று பயந்து, பத்து வருடமாக அதை நிரப்பிக்கொண்டே இருந்தார். ஒருவழியாக அனுப்பி, பரீட்சையும் எழுதிப் பாஸாகிவிட்டார். மிச்சம் இருந்தது சத்தியப் பிரமாணம் ஒன்றுதான். அதற்கான நாளைக் கடிதத்தில் அறிவிப்பார்கள், அதுவரை பொலிஸில் எந்தச் சிக்கலும் வந்துவிடக்கூடாது. அந்தக் கடிதத்துக்காகத்தான் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"உந்தக் காட் ஐஞ்சு வருசத்திலை முடியுது, புதுசு எடுக்க வேணும், பிறகும் முடியுது. சிட்டிசன் எண்டால் முடியிறதே இல்லைத் தம்பி. ஆர் மறிச்சாலும், நான் இந்த ஊர் ஆள் எண்டு சொல்லிப்போட்டு நடக்கலாம். பை திறக்கத் தேவையில்லை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனிதருக்குப் பை திறந்து அலுத்துப்போய்த்தான் இருந்தது. நிறுத்துவதற்கு யாராவது ஒரு கடிதம் தரவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஷிஃப்டுக்குச் சுப்பர்வைசர் ரூபன். இங்கேயே பிறந்தவன், முப்பது வயது, கோடை வந்தால் முதுகில் பையைக் கட்டிக்கொண்டு வடக்கே காட்டுக்குள் போய்ப் படுக்கிறவன். நான் இரண்டு முறை அவனோடு போயிருக்கிறேன். அந்த வருடமும் வெளிக்கிட்டபோது சாப்பாட்டு மேசையில் அண்ணை கேட்டார்.

"நானும் வரலாமோ? நாட்டுக்குச் சத்தியம் செய்யப்போறன். இருபத்தொரு வருசமாப் பாத்தது உந்த 401ஐத்தான். செய்ய முந்தி ஒருக்கா மிச்சத்தையும் பாக்க வேணும்."

"அண்ணை, ஷுவர், வாங்கோ. பட் பெயார்ஸ் இருக்கு. எல்லாரும் பெயார் ஸ்பிறே கொண்டுவரவேணும். பைக்குள்ளை இல்லை, வெளியிலை, டக்கெண்டு எடுக்கிற மாதிரி" என்றான் ரூபன்.

கரடி ஸ்பிறே என்பது தலைமயிருக்கு அடிக்கிற ஸ்பிறே அளவில் ஒரு தகரக் குப்பி. உள்ளே மிளகாய்ச் சாறு. கரடி கிட்ட வந்தால் முகத்துக்கு நேரே அடிக்கவேண்டும். அதை உடம்பில் கொழுவிக்கொள்ள ஓர் உறை வேண்டும். நானும் ரூபனும் அந்தக் குப்பியோடு வந்த உறையையே எடுத்துக்கொண்டோம், பிரச்சினை முடிந்தது. அண்ணைக்கு அங்கேதான் தொடங்கியது.

"தம்பி, உறை எண்டால் உள்ளுக்கு ஒண்டு இருக்கு எண்டு அர்த்தம். இடுப்பிலை ஒரு வீக்கத்தைக் கண்டிட்டுத்தான் எங்கடை சந்தியிலை ஒருத்தனைக் கொண்டுபோனவங்கள். பாத்தால், அவன்ரை இடுப்பிலை சுருட்டுப் பெட்டி."

"இது கனடா அண்ணை."

"கனடாவிலையும் பொலிஸ் இருக்கு. தூரத்திலை பாக்கிற ஒருத்தி துவக்கு எண்டு போன் அடிச்சால் என்ரை கடிதம் வருமோ?"

அன்றிலிருந்து ஆறு வாரம் அண்ணை உறை பார்த்தார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை. அமெரிக்காவில் கைத்துவக்கோடு காடு ஏறுகிறவர்கள் எந்த உறையை எங்கே கட்டலாம் என்று பேசுகிற வீடியோக்கள் கணக்கில்லாமல் இருக்கின்றன. இங்கே பிஸ்டலைக் கட்டிக்கொண்டு காட்டில் உலாவச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் உறை உறைதானே. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த வீடியோக்களைப் போட்டுவிட்டு, எனக்குத் தமிழில் விளக்கமும் சொல்லுவார். வாழ்நாளில் ஒரு துவக்கையும் தொட்டிராத இரண்டு பேர், 401இல் நெரிசலில் நின்றுகொண்டு, எதை எந்தப் பக்கத்தில் கட்டுவது என்று வாதாடினோம்.

வேட்டைச் சாமான் கடை ஒன்றுக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனார். விற்பனையாளர் நல்ல மனிதர். உறை வேண்டும் என்றதும், எந்தத் துவக்குக்கு என்று சாதாரணமாகக் கேட்டார். அவ்வளவுதான். அண்ணை பையைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். சாப்பாட்டுப் பெட்டி, குடை, பனடோல், ஒரு சோடி காலுறை. பி.ஆர். காட்டைப் பக்கத்தில் வைத்தார். கைகளை உயர்த்தினார். அந்த மனிதரும் பயந்துபோய்த் தன் கைகளை உயர்த்தினார். இரண்டு பேரும் அப்படியே நிற்க, நான்தான் நடுவில் நின்று கரடியைப் பற்றி விளங்கப்படுத்தினேன். கடைசியில் அவர் சிரித்து, நாலு விதமான உறைகளை வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம் என்று தந்துவிட்டார்.

பரிசோதனை எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது. முதுகுப்பைக்குள் பத்துக் கிலோ அரிசி மூட்டையை வைத்துக் கட்டிக்கொண்டார் அண்ணை. ரூபன் கைபேசியில் நேரம் பார்த்தான். நான் கரடி. சோபாவுக்குப் பின்னால் இருந்து எழும்பி வரவேண்டும்.

முதலில் இடுப்பு உறை. முதுகுப்பையின் பாரம் தோளில் இல்லாமல் இடுப்பில் தங்குவதற்காக அகலமான பட்டி ஒன்று இருக்கும். அது உறைக்கு மேலே ஏறி இருந்துவிட்டது. அண்ணை குப்பியை இழுத்தார், வரவில்லை. நான் சோபாவைச் சுற்றி இரண்டு முறை வந்தும் வரவில்லை. அதோடு மழைக்கோட்டைப் போட்டால் அது மறைந்தும் போகும். "மறைஞ்சால் கூடாது" என்று கழற்றிவிட்டார்.

இரண்டாவது, தொடையில் கட்டுகிற உறை. கட்டிவிட்டு நிலைக்கண்ணாடியில் பார்த்தார். முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. "உது ஆமிக்காரன் கட்டுறது" என்று சொல்லி, நாங்கள் நேரம் பார்க்கத் தொடங்கமுன்னமே அவிழ்த்துப் போட்டார். 

மூன்றாவது, கக்கத்துக்குக் கீழே தொங்குவது. பையின் தோள்பட்டி அதற்கு மேலே வந்து அமுக்க, அண்ணைக்கு மூச்சு முட்டியது. நாலாவது, பையின் தோள்பட்டியிலேயே கொழுவுகிற உறை. இதில் குப்பி இரண்டு விநாடியில் கைக்கு வந்தது. ரூபன் கைதட்டினான். அண்ணை பையைக் கழற்றிச் சுவரோரம் சாத்திவிட்டு அறையின் மற்றப் பக்கம் போய் நின்றார்.

"இப்ப கரடி வருது. ஸ்பிறே எங்கை?"

ஸ்பிறே பையோடு சுவரில் இருந்தது. தண்ணீர் அள்ளப் போகும்போதோ, வேறு அவசரத்துக்குப் பற்றைக்குள் போகும்போதோ ஒருவரும் முதுகுப்பையோடு போகமாட்டார்கள். கரடிக்கு அது தெரியாதா என்ன. நான் என்னுடையதைப் பையின் பக்கப் பொக்கெற்றில் செருகிவிடுவேன் என்று சொன்னேன். அண்ணை என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

"நெஞ்சு" என்றார். "பையோடை சேராமல், தனிய, நெஞ்சிலை. இடுப்புப் பட்டியும் முட்டாது, குந்தினாலும் எழும்பினாலும் இடிக்காது, எந்தக் கையாலும் எடுக்கலாம். முக்கியமா, முன்னுக்கு வாற ஆளுக்கு வடிவாத் தெரியும்."

துவக்கு வீடியோக்காரர்கள் பலரும் கடைசியில் வந்து சேர்கிற இடமும் நெஞ்சுதான். ஆனால் அவர்கள் காட்டுகிற நெஞ்சு உறை கறுப்பு. அண்ணை அதே கடையிலிருந்து அப்படி ஒன்றையும் எடுத்துவந்து கட்டிக்கொண்டு, வாகனத் தரிப்பிடத்தின் மறுகரையில் இருக்கும் குப்பைத் தொட்டிவரை என்னை நடக்கவைத்தார். அங்கிருந்து பார்த்து, எப்படித் தெரிகிறது என்று கத்திச் சொல்லவேண்டும்.

"துவக்கு மாதிரித்தான் கிடக்கு!" என்று தமிழில் கத்தினேன். அண்ணை உடனே நிலத்தில் குந்திவிட்டார்.

ஒரு கிழமை கழித்துத் தன் கண்டுபிடிப்போடு வந்தார். பண்டசாலையில் நாங்கள் போடுகிற செம்மஞ்சள் நிற மேற்சட்டை, வெளிச்சம் பட்டால் மினுங்குகிற பட்டி வைத்தது. அதன் நெஞ்சுப் பக்கத்தில், தமிழ்க் கடையில் முறுக்கு அடைத்து விற்கிற பிளாஸ்டிக் போத்தலை வெட்டி, தடித்த நூலால் தைத்திருந்தார். கண்ணாடிபோல உள்ளே இருப்பது முழுதும் தெரிந்தது. குப்பியில் இருந்த கரடிப் படம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றது. போத்தலுக்குக் கீழே ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் தமிழிலும் ஒரு சீட்டு: "இது கரடி ஸ்பிறே. துவக்கு அல்ல." பக்கத்தில் வேலை அடையாள அட்டை கொழுவுகிற சின்ன உறைக்குள் பி.ஆர். காட்.

"தமிழ் ஆருக்கு அண்ணை?" என்று கேட்டேன்.

"எங்கடை சனமும் போன் அடிக்குங்கள்தானே."

ரூபன் நேரம் பார்த்தான். ஒரு விநாடிக்கும் கொஞ்சம் மேல். "திஸ் இஸ் ஆக்சுவலி த பெஸ்ட் வன்" என்றான். நான் மட்டும் சிரித்து உருண்டேன். காட்டுக்குப் போகும் நாலு மணி நேரமும் அந்த முறுக்குப் போத்தலைப் பற்றி நான் அடித்த பகிடிகளை இங்கே எழுதினால், பிறகு நடந்ததற்கு எனக்குத்தான் வெட்கம்.

முதல் நாள் பன்னிரண்டு கிலோமீற்றர் நடந்தோம். அண்ணை மரங்களையும் குளங்களையும் வீடு வாங்க வந்தவர் மாதிரி நின்று நின்று பார்த்தார். ஒரு கற்பாறையைத் தட்டிக்கூடப் பார்த்தார். "நல்ல நாடு" என்று ரூபனிடம் சொன்னார். சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் பையில் கட்டி, உயரத்தில் தொங்கவிட்டுப் படுத்தோம்.

அடுத்த நாள் காலை ரூபன் கூடாரம் அவிழ்க்க, நானும் அண்ணையும் தண்ணீர் அள்ளக் குளத்துக்குப் போனோம். அண்ணை மேற்சட்டையோடு. நான் இரண்டு போத்தலோடு. பாதை வளைகிற இடத்தில் கரடி நின்றது.

கறுப்புக் கரடி. இருபது அடி இருக்கலாம். படத்தில் பார்த்ததைவிட அகலம். நான் என் இடுப்பைத் தடவினேன். ஒன்றும் இல்லை. என் ஸ்பிறே பையின் பக்கப் பொக்கெற்றில் பத்திரமாக இருந்தது. பை கூடாரத்தடியில் இருந்தது. ஓடத்தான் நினைத்தேன்.

பக்கத்தில் அண்ணை அசையாமல் நின்றார். பிறகு அவருடைய கை மெல்ல நெஞ்சுக்குப் போனது. அப்பாடா என்று நினைத்தேன். அந்தக் கை போத்தலைத் தாண்டிப் பக்கத்து உறைக்குப் போய், பி.ஆர். காட்டை உருவியது. இரண்டு கைகளும் மேலே போயின. வலது கையில் காட், கரடிக்கு முன்பக்கம் தெரிகிற மாதிரி. பிறகு, தாழ்ந்த, மரியாதையான, நடுக்கமே இல்லாத குரலில், கனடாவுக்கு வந்த பிறகு நான் கேட்டிராத ஒரு பாஷையில் பேசினார்.

"மாத்தயா, அபி வெடட்ட யனவா."

ஐயா, நாங்கள் வேலைக்குப் போகிறோம். சோதனைச் சாவடியில் சொல்லச் சொல்லி எங்களுக்கெல்லாம் பாடமாக்கித் தந்த சிங்களம். கரடி தலையைச் சரித்துக் கேட்டது. அண்ணை திரும்பவும் அதையே சொன்னார். கண்ணை நேரே பார்க்காமல், கையை இறக்காமல், என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் விட்டுக்கொண்டு, அடிமேல் அடியாகப் பின்னுக்கு நடந்தார். கரடி ஒரு முறை மூக்கால் பலமாக ஊதியது. பி.ஆர். காட்டைப் பார்த்ததோ என்னவோ, திரும்பிப் பற்றைக்குள் போய்விட்டது.

கூடாரத்தடிக்கு வந்து ரூபனிடம் நடந்ததைச் சொன்னேன். கதையைக் கேட்ட ரூபன் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தான்.

"ஓடக்கூடாது, கையை உயத்தி உயரமா நிக்கவேணும், சொஃப்டாக் கதைக்கவேணும், ஸ்லோவாப் பின்னுக்குப் போகவேணும். அண்ணை, தட்ஸ் எக்ஸாக்ட்லி வட் யூ'ர் சப்போஸ்ட் டு டூ! ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?"

"அது பழக்கம் தம்பி" என்றார் அண்ணை.

"ஏன் அண்ணை ஸ்பிறேயை எடுக்கேல்லை?" என்று நான் கேட்டேன். ஆறு வாரம் தேடி, ஐந்து உறை மாற்றி, ஒரு விநாடியில் எடுக்கிற மாதிரித் தைத்தது எதற்கு?

அவர் என்னை ஒன்றும் தெரியாதவனைப் போலப் பார்த்தார். "உறையிலை கை வைச்சால் அவன் பிழையா விளங்கிக்கொள்ளுவானெல்லே."

திரும்பி வந்து காரடியில் சாமான் ஏற்றும்போது பூங்காக் காவல் அதிகாரி ஒருத்தி வந்தாள். இளம்பெண், தொப்பி, சீருடை. கரடியைக் கண்டவர்கள் நாங்கள்தானா என்று விசாரிக்க வந்தவள். அவள் வாய் திறக்கமுன்னமே அண்ணை பையைத் திறந்து, ஈரக் காலுறை உட்பட எல்லாவற்றையும் காரின் முன்மூடியில் பரப்பிவிட்டுக் கையை உயர்த்தினார். அவள் முறுக்குப் போத்தலையும் சீட்டையும் கண்டு சிரித்தாள். நல்ல யோசனை என்று படமும் எடுத்தாள். பிறகு அவர் கைகளைப் பார்த்து, சிரிப்பை விட்டு, மெதுவாக ஒன்று சொன்னாள்.

வரும் வழியில் அண்ணை என்னிடம் கேட்டார். "அந்தப் பிள்ளை கடைசியா என்ன சொன்னது?"

"கையை இறக்குங்கோ சேர் எண்டு சொன்னது."

"எனக்கும் அப்பிடித்தான் கேட்டது" என்றார். "உயத்தச் சொல்லித்தான் இவ்வளவு நாளும் கேட்டிருக்கிறன்." 401 வந்தது. பொலிஸ் கார் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அண்ணை உள்விளக்கைப் போட்டார்.

ஒன்றரை மாதத்தில் கடிதம் வந்தது. சத்தியப் பிரமாணம் கணினித் திரையில் நடக்கும் என்று இருந்தது. அண்ணையிடம் நல்ல கணினி இல்லாததால் எங்கள் சமையலறை மேசையில் ஏற்பாடு. கோட்டுப் போட்டு, தலை வாரி, ஒரு மணி நேரம் முந்தியே வந்து இருந்தார். முதலில் ஓர் அதிகாரி தனியாகத் திரையில் தோன்றி, பி.ஆர். காட்டைக் காட்டச் சொன்னார்.

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, இருபத்தொரு வருசமா நானாக் காட்டினன். இண்டைக்குத்தான் ஒருத்தர் கேட்டுப் பாக்கிறார்."

பார்த்து முடித்த அதிகாரி, இனி இது தேவையில்லை, கத்தரிக்கோலால் வெட்டுங்கள் என்றார். கலா மேசை லாச்சியிலிருந்து சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்துத் தந்தாள். அண்ணை பி.ஆர். காட்டை ஒரு கையிலும் கத்தரிக்கோலை மறுகையிலும் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பொலிஸுக்கும், பீட்சாக்காரனுக்கும், கரடிக்கும் காட்டிய காட். பிறகு குறுக்கே வெட்டினார். துண்டுகளைத் திரையில் காட்டினார்.

நீதிபதி வந்தார். சின்னச் சின்னப் பெட்டிகளில் நூறு முகங்கள். வலது கையை உயர்த்துங்கள் என்றார். நூறு பேர் வலது கையை உயர்த்தினார்கள். அண்ணை இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

அவருக்குத் தெரிந்து செய்யவில்லை. முகம் திரையில் இருந்தது, வாய் சொல்லைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது, இடது கை தன்பாட்டில் மேலே போய் நின்றது. நான் படத்தில் விழாமல் மேசைக்குக் கீழே குனிந்து போய், அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கி என் தோளில் வைத்துக்கொண்டேன். அது என் தோளை இறுகப் பிடித்தது. கரடிக்கு முன்னாலும் உயர்ந்து நின்ற கை. ஆங்கிலத்தில் சத்தியம் முடிந்து பிரெஞ்சிலும் முடியும்வரை நான் எழும்பவில்லை. எனக்கும் கண் கலங்கித்தான் இருந்தது, மேசைக்குக் கீழே என்பதால் கலா பார்க்கவில்லை.

கேக் வெட்டிச் சாப்பிட்டோம். அண்ணை மேசையில் கிடந்த தன் கண்ணாடி, கடிதம், பேனை எல்லாவற்றையும் இரண்டு கையாலும் வாரிப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். சப்பாத்தைப் போட்டார். வாசலில் கலா வழமைபோல் வந்து நின்றாள். அண்ணையின் கை ஸிப்புக்குப் போனது. அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அப்ப நான் வாறன் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, திறக்காமல், நேரே நடந்து போனார். மின்தூக்கி வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று பின்னேரம் கலா பால் பைக்கற்றை வெட்டக் கத்தரிக்கோலைத் தேடினாள். லாச்சியில் இல்லை, மேசையில் இல்லை, கேக் பெட்டிக்குக் கீழேயும் இல்லை.

அந்த நாளுக்குப் பிறகு அண்ணை ஒரு வாசலிலும் பை திறந்ததாக நான் காணவில்லை. நூலகக் காவலாளிக்கு மட்டும் புட்டுப் பெட்டியைத் தனியாகக் கையில் கொண்டுபோகிறாராம். எங்கள் வீட்டுக்கும் மாதம் ஒரு முறை வருகிறார், அதே பையோடு.

"இஞ்சாருங்கோ, உங்கடை அண்ணையிட்டை என்ரை கத்தரிக்கோலைக் கேட்டு வாங்குங்கோவன்" என்று கலா ஒவ்வொரு முறையும் நச்சரிக்கிறாள். அவளுக்கு நான் புதியது ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன். கேட்கமாட்டேன். கேட்டால் அவர் பையைத் திறந்துவிடுவார்.